கோபியிலிருந்து கோவை பூச்சி அருங்காட்சியகம்: பேத்தியோடு ஒரு நாள், எப்படிப் போவது?

மல்பெரிக்காட்டுக்காரர்:

வணக்கமுங்க. கோபிச்செட்டிபாளையம் பக்கம் ஒரு கிராமம் எனக்கு. இரண்டு ஏக்கர் மல்பெரி, வீட்டை ஒட்டிப் பட்டுப்புழு ஷெட், வரப்பில் நாலைந்து பப்பாளி மரம். முப்பது வருசமாகப் பூச்சியோடுதான் பிழைப்பு. ஒரு பூச்சிக்கு இலை வெட்டிப் போடுவேன், மற்ற பூச்சியை எல்லாம் விரட்டுவேன்.

மகள் வயிற்றுப் பேத்தி லீவுக்கு வந்திருக்கிறாள். ஏழாவது முடித்துவிட்டாள். ஜாமெட்ரி பாக்ஸில் இருந்த காம்பஸையும் ஸ்கேலையும் எடுத்துப் போட்டுவிட்டு, செத்த பூச்சிகளாகச் சேர்த்து வைத்திருக்கிறாள். எருக்குழியில் கிடைத்த காண்டாமிருக வண்டு, ஒரு பொன்வண்டு, இறக்கை கிழிந்த தட்டான் இரண்டு, ஒரு சிலந்தி. பெட்டியைத் திறந்தால் வாடை. போதாக்குறைக்கு எறும்பு. அவளுடைய அம்மிச்சி, அதாவது என் வீட்டுக்காரி, தினமும் அதைத் தூக்கி எறியச் சொல்லிச் சத்தம் போடுகிறாள், இவள் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்குகிறாள்.

கோவை வேளாண் பல்கலைக்கழகத்துக்குள் பூச்சிக்கென்றே ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது என்று அவள் பள்ளிக்கூடத்தில் யாரோ சொல்லிவிட்டார்கள். "அப்பிச்சி, எப்பப் போலாம்?" என்று காலையில் எழுந்தால் அதே கேள்வி.

எனக்கும் அங்கே ஒரு வேலை இருக்கிறது. அதைச் சொல்ல 2009-க்குப் போக வேண்டும். அந்தக் கோடையில்தான் பப்பாளி மாவுப்பூச்சி எங்கள் பக்கம் ஏறியது. முந்தின வருசமே கோவையில் கண்டுபிடித்திருந்தார்கள் என்பதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. பஞ்சைப் பிய்த்து ஒட்டினாற்போல மல்பெரிக் குருத்தெல்லாம் வெள்ளை. குருத்து சுருண்டு முடிச்சுப் போட்டுக்கொண்டது. பப்பாளி, மரவள்ளி, பருத்தி, ஒன்றையும் விடவில்லை. ஒரு மருந்துக்கடையில் கொடுத்த டப்பாவை வாங்கி அடித்தேன். அந்த மாவின் மேல் மருந்து நிற்கவே இல்லை, வழிந்து ஓடிவிட்டது. புழுதான் பலியானது. நல்ல இலை என்று நம்பிப் போட்டதில் நூறு முட்டைத் தொகுதிப் புழு, நாலாம் பருவத்தில், தட்டுத் தட்டாகத் துவண்டு போனது. வெளியே அள்ளிக் கொட்டினேன். அந்த வருசம் பாதி மல்பெரியைப் பிடுங்கி மஞ்சள் வைத்தேன்.

அப்புறம் 2010 கடைசியிலிருந்து அந்த மாவுப்பூச்சியை ஒழிக்க ஒரு குளவி கொடுக்க ஆரம்பித்தார்கள். எங்களுக்கு ஒரு சின்ன பிளாஸ்டிக் குப்பி வந்தது. உள்ளே பார்த்தால் தூசி மாதிரி ஏதோ. "மூடியைத் திறந்து செடிக்கு நடுவே வையுங்கள், மருந்து மட்டும் அடித்துவிடாதீர்கள்" என்றார்கள். காலிக் குப்பியைக் கொடுத்து ஏமாற்றுகிறார்கள் என்று பக்கத்துக் காட்டுக்காரரிடம் சொன்னேன், ஒளிப்பானேன். ஆனால் சில மாதத்தில் மாவு குறைந்துகொண்டே வந்து, செடி பழையபடி தழைத்தது. மறுபடி மல்பெரி நட்டேன்.

அந்தக் குளவியை இன்றைக்கு வரைக்கும் நான் கண்ணால் பார்த்ததில்லை. என் காட்டைக் காப்பாற்றியது எப்படி இருக்கும் என்றே தெரியாது. கோவையில் அதை வைத்திருப்பார்களா? விடிகாலை பஸ்ஸில் போய் இருட்டுவதற்குள் திரும்ப முடியுமா? வீட்டுக்காரிக்கு முட்டி வலி, அதிகம் நடக்க மாட்டாள். பேத்தியின் பெட்டியைக் கொண்டுபோனால் அங்கே இருப்பவர்கள் சிரிப்பார்களா?

வடவள்ளிவாசி:

அய்யா, வழி சுலபம். புளியம்பட்டி, அன்னூர் வழியாக வந்தால் காந்திபுரத்தில் இறங்குவீர்கள். அங்கே மருதமலை போகும் 70-ஆம் நம்பர் டவுன் பஸ். "அக்ரி காலேஜ்" என்று சொல்லி டிக்கெட் எடுங்கள், லாலி ரோடு தாண்டினதும் எழுந்து நின்றுகொள்ளுங்கள். கிருத்திகை, சஷ்டி, செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் அந்த பஸ்ஸில் ஏறாதீர்கள். மருதமலைக் கூட்டத்தில் அம்மாவுக்கு நிற்கக்கூட இடம் கிடைக்காது.

அப்படியும் வளாகம் பெரியது. முட்டி வலிக்காரர்களைக் கேட்டிலிருந்து நடத்த வேண்டாம். காந்திபுரத்திலேயே ஆட்டோ பேசி, பூச்சி மியூசியம் வாசலில் இறக்கிவிடச் சொல்லுங்கள். நல்ல நிழல், பெரிய பெரிய மரங்கள், கோடையில்கூட உள்ளே நுழைந்தால் வேறு ஊர் மாதிரி இருக்கும்.

முந்தின நாள் ஒரு போன் போட்டு நேரத்தையும் விடுமுறையையும் கேட்டுக்கொள்ளுங்கள். இதைச் சும்மா சொல்லவில்லை. வேறொரு ஊரில் வேறொரு மியூசியத்துக்குக் குடும்பத்தோடு போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டு வந்தவன் நான். மனைவி இன்னும் சொல்லிக்காட்டுகிறாள்.

மதியத்துக்கு மேல் நேரம் இருந்தால் ஆர்.எஸ்.புரம் கௌலி பிரவுன் ரோட்டில், வனக்கல்லூரி வளாகத்துக்குள், காஸ் அருங்காட்சியகம் இருக்கிறது. பக்கம்தான். 1902-ல் காஸ் என்ற வெள்ளைக்கார வன அதிகாரி தொடங்கியது. வகை வகையான மரத்துண்டுகள், பாடம் பண்ணிய விலங்குகள். இதற்கும் போன் போட்டுக் கேட்டுவிட்டே போங்கள். ஒரே நாளில் இரண்டும் பார்த்தால் குழந்தைக்குத் தலை சுற்றும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

சோறு கட்டிக்கொண்டு வாருங்கள். அரிசிம்பருப்புச் சாதம் சாயங்காலம் வரை தாங்கும்.

வெள்ளோட்டுக் கொக்கு:

கோபிக்காரரே, கோபிக்காதீர்கள். போக 80 கிலோமீட்டர், வர 80 கிலோமீட்டர், நடுவில் ஒரு மணி நேரம் கண்ணாடிக்குள் செத்த பூச்சி. குழந்தைக்கு உயிருள்ளதைக் காட்டுங்கள் என்பேன். வெள்ளோடு பறவைகள் சரணாலயம் உங்களுக்குப் பக்கம். திருப்பூர் நஞ்சராயன் குளம் இருக்கிறது, 2024-ல் ராம்சர் என்கிற உலகச் சதுப்புநிலப் பட்டியலில் சேர்த்தார்கள். காலையில் போனால் மதியச் சோற்றுக்கு வீடு வந்துவிடலாம்.

பூச்சிப்பெட்டி:

கொக்காரே, கோடை லீவில் வெள்ளோட்டில் தண்ணீர் எவ்வளவு கிடக்கும் என்று நீங்களே சொல்லுங்கள். அந்தப் பெண் கேட்பது பூச்சி, பறவை இல்லை.

பெரியப்பா, நான் அங்கே பி.எஸ்சி. அக்ரி படித்தவள், ஊர் தாராபுரம் பக்கம். உங்கள் கேள்வியைப் படித்ததும் விடுதி நாள்கள்தான் நினைவுக்கு வந்தன. எங்களுக்குப் பூச்சிப் பெட்டி சப்மிஷன் உண்டு. ஆளாளுக்கு ஒரு வலை, பிடித்த பூச்சியைக் கொல்ல ஒரு கில்லிங் பாட்டில். ராத்திரி விளக்குக் கம்பத்துக்குக் கீழே விட்டில் பிடிக்க நாலு பேர் மேலே பார்த்துக்கொண்டு நிற்போம், வாட்ச்மேன் விரட்டுவார். அதனால் பெட்டியைக் கொண்டுபோனால் சிரிப்பார்களா என்று நீங்கள் கவலைப்படவே வேண்டாம். அந்த வளாகத்தில் பெட்டி தூக்காத ஆளே கிடையாது.

ஆனால் அந்தப் பெட்டியை முதலில் சரி செய்ய வேண்டும். எறும்பு வருகிறது என்றீர்கள். பெரிய அருங்காட்சியகங்களுக்கும் அதே தொல்லைதான். காய்ந்த பூச்சியைத் தின்பதற்கென்றே ஒரு சின்ன வண்டு இருக்கிறது, டெர்மெஸ்டிட் என்போம். கவனிக்காமல் விட்டால் பெட்டிக்குள் ஊசியும் பொடியும் மட்டும் மிஞ்சும். பூச்சி மியூசியத்துக்குப் பூச்சிதான் எதிரி. அதற்காகத்தான் அந்த அந்துருண்டை வாடை. ஜாமெட்ரி பாக்ஸை விட்டுவிட்டு மூடி இறுக்கமான பெட்டி ஒன்று எடுங்கள். அடியில் தெர்மாகோல், ஒரு மூலையில் துணியில் முடிந்த அந்துருண்டை. தலையணைக்கு அடியில் மட்டும் வேண்டாம்.

வண்டைக் குத்துவது எப்படி என்று அவளுக்குச் சொல்லுங்கள். நடுவில் குத்தக் கூடாது. வண்டின் வலது மேலிறக்கையில் குத்த வேண்டும். உலகம் முழுக்க வண்டுக்கு வலதுபக்கம்தான். வண்ணத்துப்பூச்சி, தட்டான் என்றால் மார்பின் நடுவே. காய்ந்து விறைத்ததை அப்படியே குத்தினால் உடையும். ஈரத்துணி போட்ட மூடிய டப்பாவில் ஒரு நாள் வைத்தால் இளகும். கடைக் குண்டூசி துருப்பிடிக்கும், போகப் போக ஸ்டீல் ஊசி வாங்கிக் கொடுங்கள். வண்ணத்துப்பூச்சியை உயிரோடு பிடிக்க வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். சில இனங்கள் 1972-ஆம் வருட வன உயிரினச் சட்டத்தில் வருகின்றன, எது என்று குழந்தைக்குத் தெரியாது. செத்துக் கிடப்பதை எடுக்கட்டும், உயிருள்ளதைப் போட்டோ எடுக்கட்டும்.

எல்லாவற்றையும் விட முக்கியம் சீட்டு. எங்கே, எந்தத் தேதி, எந்தச் செடியில், யார் எடுத்தது. ஊசிக்குக் கீழே விரல்நகம் அளவு காகிதத்தில் இந்த நான்கும் இருக்க வேண்டும். சீட்டு இல்லாத பூச்சி வெறும் அலங்காரம். என் பெட்டியில் எழுபது பூச்சி இருந்தது. பாதிக்குச் சீட்டை முந்தின ராத்திரி உட்கார்ந்து ஞாபகத்தில் எழுதினேன், எங்கள் மேடம் பார்த்த உடனே கண்டுபிடித்துவிட்டார். மார்கழி மாதத்தில் பிடித்ததாக எழுதிய பூச்சி மழைக்கு மட்டுமே வெளியே வருவது.

இனி உங்கள் குளவி. அதன் பெயர் அசிரோஃபேகஸ் பப்பாயே. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. கடுகை மூன்றாகப் பிளந்தால் ஒரு துண்டு இருக்குமே, அவ்வளவு. மாவுப்பூச்சி மெக்சிகோ, மத்திய அமெரிக்கா பக்கத்தது. அது இங்கே வந்தபோது அதன் எதிரி கூட வரவில்லை, அதனால்தான் அந்த ஆட்டம் ஆடியது. எதிரியைத் தேடிப் போய் 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து பெங்களூருக்குக் கொண்டுவந்து, பெருக்கி, விட்டார்கள். மூன்று வகைக் குளவி வந்தது, நம் பக்கம் நன்றாக ஊன்றியது இதுதான். உங்கள் குப்பியில் இருந்த தூசி அதுதான் பெரியப்பா.

அதை ஊசியில் குத்த முடியாது. முக்கோணமாக வெட்டிய அட்டைத் துணுக்கின் நுனியில் பொட்டுப் பசை வைத்து ஒட்டுவார்கள், இல்லையென்றால் ஸ்லைடில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். அருங்காட்சியகம் என்றால் இரண்டு பாகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாம் நடந்து பார்க்கும் கூடம் ஒன்று. அங்கே கண்ணுக்குப் பளிச்சென்று தெரிகிற பட்டாம்பூச்சியும் வண்டும் நிற்கும். இன்னொன்று அலமாரிக்குள் இழுப்பறை இழுப்பறையாக ஆராய்ச்சிக்கு வைத்திருப்பது. புதுப் பூச்சி ஒன்று காட்டில் இறங்கினால் இது எது என்று ஒப்பிட்டுப் பார்க்க அந்த இழுப்பறைதான் வேண்டும். 1868-ல் சைதாப்பேட்டையில் தொடங்கி 1906-ல் கோவைக்கு வந்த கல்லூரி அது. 1971-ல் பல்கலைக்கழகம் ஆனது, மியூசியக் கூடம் 2018 மார்ச்சில் திறந்தது. ஆனால் பூச்சி சேர்க்கிற வேலை ரொம்பப் பழையது. உங்கள் குளவியைப் பார்க்க வேண்டும் என்றால் பூச்சியியல் துறைக்கு முன்கூட்டியே ஒரு கடிதம் எழுதுங்கள். விவசாயி, இந்த வருசம் இப்படி நஷ்டப்பட்டேன், இந்தக் குளவியைப் பார்க்க ஆசை என்று இங்கே எழுதிய மாதிரியே எழுதினால் போதும்.

கடிதம் போட்டுவிட்டு ஒரு வேலை செய்யுங்கள். வரப்புப் பப்பாளியில் இலைக்கு அடியில் பாருங்கள். கோடையில் எங்காவது ஒரு மரத்தில் கொஞ்சம் மாவு இருக்கும். அதற்குள் வெள்ளையாக இல்லாமல் பழுப்பாக, உப்பி, உருண்டையாக ஏதாவது தெரிகிறதா? குளவி மாவுப்பூச்சிக் குஞ்சுக்குள் முட்டை வைத்துவிடும். உள்ளேயே புழு தின்று வளரும். வெளித்தோல் மட்டும் கூடாகக் காய்ந்து நிற்கும். மம்மி என்போம். அந்த இலையைக் கிள்ளி ஒரு கண்ணாடி பாட்டிலில் போட்டு, மெல்லிய துணியால் வாயைக் கட்டி, வெயில் படாமல் வெளிச்சம் படுகிற இடத்தில் வையுங்கள். பத்து நாளுக்குள் தெரிந்துவிடும். ஓட்டையோடு கிடக்கிற மம்மி வேண்டாம், அதிலிருந்து ஏற்கெனவே வெளியே போய்விட்டது.

உயிருள்ள மாவுப்பூச்சி இலையைப் பஸ்ஸில் கோவைக்குக் கொண்டுவந்துவிடாதீர்கள். அது ஊர் ஊராகப் போனதே அப்படித்தான்.

மல்பெரிக்காட்டுக்காரர்:

அம்மிணி, படித்ததும் டார்ச் எடுத்துக்கொண்டு வரப்புக்குப் போனேன். பேத்தியும் பின்னாலேயே வந்தாள். மூன்றாவது மரத்தில், அடி இலையில், நான்கு விரல் அகலத்துக்கு மாவு. நடுவில் பழுப்பாக ஏழெட்டு. இத்தனை வருசம் இதை அழுக்கு என்று நினைத்து வழித்துப் போட்டிருக்கிறேன். ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, பழைய வேட்டித் துண்டால் கட்டி, ஷெட் ஜன்னலில் வைத்திருக்கிறோம். கடிதமும் போட்டாயிற்று.

கரும்பலகை:

நான் ஆசிரியை. போன வருசம் முப்பத்தெட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அங்கே போனேன். என் தப்பையும் கேட்டுக்கொள்ளுங்கள். வரிசையாக நடத்தி, எல்லாவற்றையும் பார்க்க வைத்துவிட்டேன். வெளியே வந்து என்ன பார்த்தாய் என்று கேட்டால் "நிறையப் பூச்சி மிஸ்" என்றார்கள். ஒருவன் மட்டும் அவன் வீட்டு மாட்டுக்கொட்டகையில் பார்த்ததை அங்கேயும் பார்த்துவிட்டு நகரவே மாட்டேன் என்று நின்றான். அவனைத்தான் நான் கையைப் பிடித்து இழுத்தேன், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று.

அதனால் உங்கள் பேத்தியை எல்லாம் பார்க்கச் சொல்லாதீர்கள். அவள் பெட்டியில் இருக்கிற நான்கையும் அங்கே தேடச் சொல்லுங்கள், போதும். காண்டாமிருக வண்டுக்குச் சொந்தக்காரர்கள் யார் யார், பொன்வண்டு எந்த வரிசையில் நிற்கிறது. நம் மாநில வண்ணத்துப்பூச்சி தமிழ் மறவன், 2019-ல் அறிவித்தார்கள், அது எங்கேயாவது தென்படுகிறதா என்று ஐந்தாவதாகச் சேர்த்துக்கொள்ளட்டும். கையில் ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்து வரையச் சொல்லுங்கள். வரைய உட்கார்ந்தால்தான் பிள்ளைகள் கால் எங்கிருந்து முளைக்கிறது என்று பார்க்கிறார்கள்.

போவதற்கு முன்னால் அந்தச் சிலந்தியின் காலை எண்ணச் சொல்லுங்கள். நீங்கள் பதில் சொல்லிவிடாதீர்கள்.

வெள்ளோட்டுக் கொக்கு:

சரி, தோற்றேன். பாட்டில் என்ன ஆயிற்று என்று மட்டும் எழுதுங்கள்.

மல்பெரிக்காட்டுக்காரர்:

இன்றைக்கு ஒன்பதாம் நாள். காலை ஆறு மணிக்குப் பேத்தி போட்ட சத்தத்தில் பாம்பு வந்துவிட்டது என்று அவள் அம்மிச்சி ஓடி வந்தாள், முட்டி வலியை மறந்து.

துணிக்கு உள்பக்கம், வெளிச்சம் வருகிற ஓரமாக, மஞ்சளும் ஆரஞ்சுமாகப் பொட்டுப் பொட்டாக ஏதோ நடந்துகொண்டிருந்தது. எனக்குக் கண்ணாடி போட்டும் பொட்டுதான். பேத்தி அவள் லென்ஸைக் கொடுத்தாள். கால் தெரிந்தது. மீசை தெரிந்தது, அதை ஆட்டி ஆட்டித் துணியைத் தட்டிப் பார்த்துக்கொண்டு போனது. எனக்கு அன்றைக்கு அள்ளிக் கொட்டிய புழுத்தட்டு ஞாபகம் வந்துவிட்டது. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்காரி வாங்கிப் பார்த்துவிட்டு, "இதையா காலிக் குப்பின்னு ஊரெல்லாம் சொன்னீங்க?" என்றாள்.

மூன்றைச் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் போட்டோம், மற்றதைப் பப்பாளிக்கு அடியிலேயே திறந்துவிட்டோம். சிலந்தியைப் பெட்டியிலிருந்து அவளே எடுத்துவிட்டாள். எட்டுக் காலாம், அது வேறு சாதியாம், எனக்கே பாடம் எடுத்தாள்.

துறையிலிருந்து போனில் பேசினார்கள், வரச் சொல்லிவிட்டார்கள். புதன்கிழமை கிளம்புகிறோம், செவ்வாயும் இல்லை, கிருத்திகையும் இல்லை, நாள்காட்டியில் பார்த்துவிட்டேன். இப்போது வீட்டில் ஒரே ஒரு சண்டைதான் பாக்கி. அந்த ஸ்பிரிட் குப்பிக்குச் சீட்டு எழுதினாள்: கோபி, பப்பாளி இலை, தேதி. யார் எடுத்தது என்ற இடத்தில் தன் பேரை எழுதிக்கொண்டாள். காடு என்னுடையது, மரம் என்னுடையது, பாட்டிலும் என்னுடையது என்று சொல்லிப் பார்த்தேன்.

"முதல்ல பார்த்தது நான்தானே அப்பிச்சி" என்கிறாள். சீட்டில் இரண்டு பேர் பெயர் எழுதலாமா, அம்மிணி?

பூச்சிப்பெட்டி:

எழுதலாம் பெரியப்பா. சின்ன எழுத்தாக எழுதச் சொல்லுங்கள், விரல்நகம் அளவுதான் இடம்.